சாப்பிட்டாச்சு என்ற அறுபது பேர்

நேற்று கிளினிக்கில் ஒரு பொய் சொன்னேன். இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காத தாதி, பிரஷர் பட்டையை என் கையில் சுற்றிக்கொண்டே, "மருந்து சாப்பிட்டாச்சா ஆன்டி?" என்று கேட்டாள். "சாப்பிட்டாச்சு லா" என்றேன். இருபத்திரண்டு வருடமாக மருந்தகம் நடத்துகிறவள், ஊருக்கெல்லாம் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள், நான்கு நாளாகத் தன் மாத்திரையைத் தொடவில்லை. கருவியில் ஏறிய எண் இறங்க மறுத்தது. தாதி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கொசு ஒழிப்புப் படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் உன் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்தது.

அந்த ஒரு சொல்லை வைத்து நீ என்னை எவ்வளவு பாடு படுத்தியிருக்கிறாய்!

நம் சிநேகம் ஒரு மைக்கில் தொடங்கியது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மருந்தாளர்களுக்கான தொலைதூர முதுகலைப் படிப்பு அது. நான் சேர்ந்தது அறிவுத் தாகத்தால் அல்ல. எதிர்வரிசை மருந்துக் கடைக்காரி தன் பெயருக்குப் பின்னால் பட்டத்தின் நான்கு எழுத்தைச் சேர்த்துப் பலகை மாட்டிவிட்டாள், அவ்வளவுதான். ஞாயிறு மதியம் ஆய்வு முறைகள் வகுப்பு. திரையில் பதினெட்டுத் தலைகள். விரிவுரையாளர் மாதிரிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கிக்கொண்டிருக்க, நான் அக்காவுக்குப் போனில் நண்டுப் பிரட்டல் செய்முறை சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடமிருந்து தனிச் செய்தி வந்தது: "மைக்க மூடு. மொளகு எவ்வளவுன்னு மட்டும் சொல்லிட்டு மூடு."

உனக்குத் துறைமுகத்துப் பக்கம் பண்டமாரானில் கடை, எனக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். நடுவில் ஒரு கொமுட்டர் ரயில் தூரம். நான் பாடநூலைப் பிரித்தது பரீட்சைக்கு முந்தைய வாரம். நீயோ ஒவ்வொரு அத்தியாயத்தின் ஓரத்திலும் உன் கடையில் நடந்த ஒன்றைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாய். 'குழப்பும் காரணிகள்' என்ற தலைப்புக்குப் பக்கத்தில், "லோரிக்காரர், துறைமுக கியூ" என்று இருந்தது. அடிக்கடி சிறுநீர் போக வைக்கும் நீர் மாத்திரையை லோரி ஓட்டுநர்கள் தவிர்ப்பதை எல்லோரும் அலட்சியம் என்றார்கள். நீ ஒருத்திதான் அவர்களிடம் போய் நின்று கேட்டாய். மூன்று மணி நேரம் வரிசையில் நகராமல் கிடக்கும் லோரியை விட்டு எங்கே இறங்கி ஒதுங்குவது? இதைக் கேட்க உனக்கு எந்தப் பாடநூலும் தேவைப்படவில்லை. ஆனாலும் பாடநூலை மூன்று முறை படித்தாய்.

என் ஆய்வு சாதாரணமானது. பிரஷர்காரர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? கடைக்கு வந்த அறுபது பேரிடம் படிவத்தை நீட்டினேன். முதல் கேள்வி, "இன்று மருந்து சாப்பிட்டீர்களா?" அறுபது பேரும் ஆம். உடனே உனக்குப் போன் போட்டேன்.

"என் கஸ்டமர்ங்க எல்லாம் தங்கம் டி. நூத்துக்கு நூறு!"

நீ கேட்டாய்: "காலைல கடைக்கு வர்றவங்கள என்னன்னு கேப்ப?"

"பசியாறியாச்சான்னு."

"இல்லன்னு இதுவரைக்கும் எத்தனை பேர் சொல்லிருக்காங்க?"

"யாரும் சொன்னதில்ல."

"அப்ப நீ ஆராய்ச்சி பண்ணல. அறுபது பேருக்கு வணக்கம் வச்சிருக்க."

கோபம் வந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்க ஏழு வாரம்தான் இருந்தது. ஏற்கெனவே ஒரு முறை தவணை வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது. அதைவிடப் பெரிய சங்கடம், நான்கு எழுத்தோடு பெயர்ப் பலகைக்கு அப்போதே ஆர்டர் கொடுத்திருந்தேன். "சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது டி. அப்படியே அனுப்பிடுறேன்" என்றேன்.

"அனுப்பு. ஆனா தெனம் கடைய தொறக்கறப்ப அந்தப் பலகைய நீதான் பாக்கணும்."

சனிக்கிழமை காலை ரயிலேறி என் கடைக்கே வந்துவிட்டாய். அந்த நேரம் பார்த்து செந்தூல் அங்கிள் உள்ளே நுழைந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் அறுபதில் ஒருவர்.

"பசியாறியாச்சா அங்கிள்?" என்றாய்.

"ஆச்சும்மா."

"மருந்து?"

"சாப்பிட்டாச்சு."

"சட்டைப் பையில என்ன அங்கிள்?"

வெளியே வந்த மாத்திரை அட்டையில் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அங்கிளுக்குத் துளி வெட்கமில்லை. "காலை, சாப்பாட்டுக்குப் பின்னு எழுதிருக்கு. காலைல நான் எங்கம்மா சாப்பிடறேன்? ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். அது பசியாறுறது. சாப்பாடுன்னா சோறு லா!"

மாத்திரை உறையில் அப்படி எழுதியவள் நான். நீ என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால் சிரித்திருப்பாய், அங்கிள் மனம் நோகும்.

முறையை மாற்ற அனுமதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அன்றே இருவரும் கடிதம் எழுதினோம். அனுமதி வந்ததும் எல்லோரிடமும் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை டப்பாவோடு கொண்டுவரச் சொன்னேன். பிஸ்கட் டின், ஊறுகாய்ப் போத்தல், கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை என்று வந்து குவிந்தன. கேப்சூலில் உள்ள ஜெலட்டின் மாட்டிலிருந்து வருகிறது என்று வாட்ஸப்பில் படித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சைவத்துக்காகக் கேப்சூலை மட்டும் விட்டுவைத்த ஒரு கஸ்டமர் அக்காவும் வந்தார். எண்ணிப் பார்த்தால் பாதிப் பேர்கூட ஒழுங்கில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான செய்திக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கணக்குக்கு ஐம்பத்தொன்பது பேர்தான் கிடைத்தார்கள். ஒருவர் மகள் வீட்டோடு இருக்க ஈப்போவுக்குப் போய்விட்டார். ஒரு ஆளுக்காக நான் புலம்ப, நீதான் கை கொடுத்தாய். உனக்கும் பிரஷர். சொந்தக் கடையில் எடுத்தால் வேலையாட்கள் உன் வயதைக் கணக்குப் போடுவார்கள் என்று என்னிடம்தான் மாத்திரை வாங்குவாய். "என்னையும் சேத்துக்க. முப்பதுல ரெண்டு மிச்சம். எழுதிக்க" என்றாய் போனில். எழுதிக்கொண்டேன்.

இருவரும் தேறினோம். நீ என்னைவிட நல்ல மதிப்பெண்ணில். என் பலகை ஏறியது. நீ பலகை மாட்டவேயில்லை. கேட்டதற்கு, "லோரிக்காரங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து எதுக்கு டி?" என்றாய்.

போன வருடம் டெங்கி உன்னை ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோதுகூட, பக்கத்துக் கட்டில்காரரிடம் தாதி கேள்வி கேட்ட விதத்தைத் திருத்திக்கொண்டிருந்தாய்.

இப்போதெல்லாம் என் கடையில் யாரையும் "மருந்து சாப்பிட்டீங்களா" என்று கேட்பதில்லை. "இந்த வாரம் எத்தனை மறந்துபோச்சு?" என்றுதான் கேட்கிறேன். மறப்பது சகஜம் என்று கேள்வியே சொல்லிவிடுவதால், உண்மை தானாக வந்துவிடுகிறது. உறையில், 'பசியாறிய பின்' என்று எழுதுகிறேன். செந்தூல் அங்கிளின் பிரஷர் இறங்கியிருக்கிறது. ஒரு மனிதரின் பதிலைக் குறை சொல்லும் முன் நம் கேள்வியைப் பார்க்க வேண்டும் என்பது உன்னிடம் கற்றது. கிளினிக்கில் அந்தத் தாதிக்கும் இதைச் சொல்லியிருப்பேன், பொய் சொன்ன வாயோடு எப்படிச் சொல்வது?

போன மாதம் உன் வீட்டுக்காரர் ஒரு பிஸ்கட் டின்னோடு கடைக்கு வந்தார். உன் பழைய மருந்துகளை முறைப்படி அழித்துவிடச் சொன்னார். அடியில், மாத்திரைகளோடு என் கடை உறை ஒன்று கிடந்தது. என் கையெழுத்து, ஆய்வு நடந்த அந்த மாதத்துத் தேதி. மற்ற ஐம்பத்தொன்பது பேரின் டப்பாவையும் திறந்து பார்த்தவள், உன்னிடம் மட்டும் வாய்ச்சொல்லை வாங்கி எழுதியிருந்தேன். எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தேன். நீ பழக்கிய கை, எண்ணிவிட்டது.

முப்பதில் பத்தொன்பது மிச்சம்.