அக்கா வண்டியா, தங்கச்சி வண்டியா

ஜூன் 13, வியாழன்

இவர் கப்பலிலிருந்து இறங்கி ஒரு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டில் கார் பேச்சுதான். ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டுமாம். நாங்கள் இருவர், மகள் ஏஞ்சலின், இவரைப் பெற்ற மாமி, கொழுந்தன் கிளைட்டன், அவன் பெண்டாட்டி ஜெஸ்லின், அவர்கள் குழந்தை. "ஏழுதான் வருது பாத்தியா ஷீலா, மாதாவே கணக்குப் போட்டுத் தந்த மாதிரி" என்கிறார். இத்தனை வருடம் இந்த வீட்டுக்குக் கணக்குப் போட்டது யாரென்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்டில் இவர் மறுபடி கப்பலேறுவார். அப்புறம் சாவி கிளைட்டனிடமாம்! "இந்தா வாரேன் மைனி" என்று அவன் சொன்னால், நான் உலை வைத்து, சோறு வடித்து, பாத்திரமும் கழுவிவிடலாம். மாமிக்கு முழங்காலில் ஊசி போட வேண்டிய அன்று, வாடகைக் கார் பிடித்து வரச் சொன்னதற்கும் இந்தா வாரேன்தான். கடைசியில் ஆட்டோவில் போனோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாமி ஒரு புனிதரைக் கூப்பிட்டார்கள்.

ஜூன் 15, சனி

கடைக்குப் போனோம். ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கின்றன. பெயர்கள் வாயில் நுழையவில்லை. முகத்தில் வெள்ளிப் பட்டை வைத்திருப்பதை அக்கா என்றும், இல்லாததைத் தங்கச்சி என்றும் எழுதிக்கொள்கிறேன். விற்கிற தம்பி பெயர் பால்துரை.

"ரெண்டுக்கும் என்ன தம்பி வித்தியாசம்?"

"ரெண்டும் தனித்தனி கேரக்டர் மேடம்."

"எஞ்சின்?"

"ஒண்ணுதான்."

"நீளம்?"

"அதும் ஒண்ணுதான் மேடம். ஆனா இத ஓட்டுனா ஒரு ஃபீல், அத ஓட்டுனா ஒரு ஃபீல்."

விலையும் ஏறக்குறைய ஒன்றே. ஃபீலுக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மாமி இரண்டிலும் ஏறி இறங்கி, இரண்டிலும் ஒரே இடத்தில் "யேசுவே" என்றார்கள். கிளைட்டன் இரண்டின் ஹாரனையும் அடித்தான். இவர் இரண்டின் டயரையும் உதைத்தார். கப்பல் எஞ்சினோடு பாதி ஆயுளைக் கழித்தவர், டயரை உதைத்து என்ன கண்டார்?

எல்லாரும் காப்பி குடிக்கப் போனபோது ஓட்டுகிற சீட்டில் மெதுவாக உட்கார்ந்து பார்த்தேன். தங்கச்சியில் எனக்கு ஸ்டியரிங்கும் கொஞ்சம் வானமும் தெரிந்தன. அக்காவில் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிடி இருந்தது. இழுக்க இழுக்க சீட் மேலே வந்தது. ரோடு தெரிந்தது! திரும்பப் போய் தங்கச்சியில் அதே இடத்தைத் தடவிப் பார்த்தேன். இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

அக்காதான். ஆனால் காரணத்தை எப்படிச் சொல்ல?

ஜூன் 20, வியாழன்

எழுதித்தான் வைக்கிறேனே. ஏஞ்சலினை மில்லர்புரத்தில் டிரைவிங் பழக அனுப்பினோம். பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாதென்று மாமிதான் என்னையும் பின் சீட்டில் அனுப்பினார்கள். நானும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே மாஸ்டர் சொல்வதையெல்லாம் கேட்டேன். ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். வரமாட்டாள் என்று சொல்லப் போன இடத்தில் மாஸ்டர், "காசு கட்டுன கிளாஸ் வீணாப் போவுது, நீங்க உக்காருங்க" என்றார்.

வீணாகப் போகிறது என்று என்னிடம் சொன்னால் நான் என்ன செய்வேன்? உட்கார்ந்தேன்.

இப்போது நான் முன்னால் ஓட்டுகிறேன், அவள் எனக்குத் துணையாகப் பின்னால் போன் பார்க்கிறாள். எல்.எல்.ஆரும் வாங்கியாயிற்று. வீட்டில் தையல் மெஷின் மிதியில் கிளட்ச் பழகுகிறேன். கிளாஸுக்கு சோபா மெத்தை ஒன்றைப் பையில் வைத்துக் கொண்டுபோகிறேன் - அது இல்லாவிட்டால் ரோடு தெரியாது. மெத்தையைக் காணோமென்று மாமி இரண்டு தடவை அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார்கள்.

இது பொய்யில் சேருமா? யாரும் கேட்கவில்லையே.

ஜூன் 24, திங்கள்

அக்காவே இருக்கட்டும், அந்த வெள்ளிப் பட்டை அழகாக இருக்கிறது என்றேன்.

"எதுக்குளா பட்டை? உப்புக்காத்துல நாலு மாசத்துல கறுத்துப்போவும்" என்றார்கள் மாமி. கிளைட்டனுக்குத் தங்கச்சிதான். ஏனென்றால் அவன் கூட்டாளி பிரைட்டன் தங்கச்சி வாங்கியிருக்கிறான். இவருக்கு எதுவானாலும் சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜூன் 30, ஞாயிறு

ஐயோ, ஐயோ.

பால்துரை காலையில் தங்கச்சியைக் கொண்டுவந்தான். கடையில் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற வண்டி. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாமென்று அதிலேயே பூசைக்குப் போனோம். பூசை முடிந்து வெளியே வந்தால், யாரோ புது லாரியை மந்திரிக்கக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஃபாதர் டெரன்ஸ் தீர்த்தச் செம்போடு நிற்கிறார். நான் ஜெஸ்லின் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமி, "ஃபாதர், கையோட இதையும் மந்திரிச்சிருங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள்!

அவரும் முன்னும் பின்னும் தெளித்து, உள்ளேயும் தெளித்து, நீண்ட ஜெபம் சொன்னார். மாமி தன் கழுத்து ஜெபமாலையைக் கழற்றிக் கண்ணாடியில் கட்டிவிட்டார்கள்.

டீ குடிக்கப் போயிருந்த பால்துரை ஓடிவந்தான். "மேடம், இது கம்பெனி வண்டி" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, எதிர்க் கடையில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து டயருக்கு ஒன்றாக வைத்து ஏற்றி நசுக்கினான். "ஆரம்பிச்சாச்சு, அரைகுறையா விடப்பிடாது."

ஜூலை 2, செவ்வாய்

"மந்திரிச்ச வண்டிய விட்டுட்டு வேற வாங்குனா மாதா கோவிச்சுக்கிட மாட்டாளா?" மாமி இதைக் காலையில் ஒரு தடவை, மீன் நறுக்கும்போது ஒரு தடவை சொன்னார்கள். எனக்கும் அதே பயம்தான். தங்கச்சியை வாங்கிக்கொண்டு காலமெல்லாம் மெத்தை போட்டு உட்காரவா? மெத்தை வழுக்குகிறது. பிரேக் மிதித்தால் நான் மட்டும் முன்னால் போகிறேன்.

மாதாவே, நீயே ஒரு வழி சொல்.

ஜூலை 7, ஞாயிறு

மந்திரித்த வண்டியை வாங்காமல் விட்டால் பாவமா என்று ஃபாதர் டெரன்ஸிடம் கேட்டேன்.

"எந்த வண்டிம்மா?"

"வெள்ளை வண்டி ஃபாதர். பட்டை இல்லாதது."

"பட்டை இருந்துச்சே."

"அது அக்கா ஃபாதர். நீங்க மந்திரிச்சது தங்கச்சி."

வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டார்.

ஜூலை 10, புதன்

லைசென்ஸ் டெஸ்டில் எட்டு போட்டேன். ஒரு கம்பியிலும் இடிக்காமல் போட்டேன். ஏஞ்சலின் இரண்டு கம்பியைச் சாய்த்துவிட்டாள். வரும் வழியில் இருவருக்கும் சர்பத் வாங்கினேன். செலவில் "இதர" என்று எழுதினேன்.

ஜூலை 12, வெள்ளி

இன்று முடிவு செய்தே ஆக வேண்டுமென்று இவர் எல்லாரையும் கடைக்குக் கூட்டிப்போனார். வாசலிலேயே பால்துரை மாமியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆச்சி, அந்த மாலைய மட்டும் திருப்பிக் கேட்டுராதிய. மந்திரிச்ச நாள்லேருந்து அந்த வண்டிய ஓட்டிப் பாத்தவுக எல்லாம் புக் பண்ணிட்டுத்தான் போறாக. எங்க மேனேஜர் தெனம் காலைல அதுக்கு ஊதுபத்தி காட்டுதாரு."

மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மாதா இங்கனயே இருக்கப் பிரியப்பட்டுட்டா. நாம கூட்டிட்டுப் போவப்பிடாது."

நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கியது போல இருந்தது எனக்கு.

"இப்பவாச்சும் சொல்லுளா ஷீலா, எது? பட்டைன்னு மட்டும் சொல்லாத" என்றார் இவர்.

ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு அக்காவின் ஓட்டுகிற சீட்டில் ஏறினேன். பிடியை இழுத்தேன். ஸ்டியரிங்குக்கு மேலே முதலில் என் கொண்டை தெரிந்திருக்கும், பிறகு நெற்றி, பிறகு மூக்கு. கண்ணாடி வழியாக ஆறு பேரும் வாயைப் பிளந்து என்னைப் பார்க்கிறார்கள்.

"அது எதுக்குளா ஒனக்கு?"

"ரோடு தெரியணும்லா."

ஏஞ்சலின் போட்டு உடைத்தாள். "அம்மா எட்டு போட்டு பாஸாயிட்டாங்கப்பா. நாந்தான் ஃபெயில்."

"ஏளா! துணைக்கு அனுப்புனா நீயா படிச்சிட்டு வந்த?" என்றார்கள் மாமி. உடனே, "அப்ப என் மெத்த?"

இவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அக்காவின் டயரை ஒரு உதை உதைத்தார்.

"இதையே போடு தம்பி" என்றார் பால்துரையிடம். பிறகு, "ஏலே கிளைட்டா, சாவிக்குக் கைய நீட்டாத."

ஆகஸ்ட் 8, வியாழன்

இவரை வாகைக்குளம் விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "கப்பல்ல கூட இவ்வளவு ஜெபம் சொன்னதில்ல" என்றார். சிரித்துக்கொண்டே திரும்பினேன். பாதி வழிவரை சிரிப்பு இருந்தது. அப்புறம் ஓரமாக நிறுத்தி மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

திருவருகைக் காலத்து முதல் பூசை. எல்லாரும் ஏறியாயிற்று, கிளைட்டனைத் தவிர. உள்ளேயிருந்து "இந்தா வாரேன் மைனி" என்று குரல் மட்டும் வந்தது.

வண்டியை எடுத்துவிட்டேன். தெருமுனை வரைக்கும்தான். கண்ணாடியில் பார்த்தால், ஒரு கையில் செருப்போடு ஓடி வருகிறான். மூச்சு வாங்க ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து, தானே ஓட்டப்போகிறவன் மாதிரி சீட்டுப் பிடியில் கை வைத்தான்.

"மைனி, கொஞ்சம் இறங்குங்க. சீட்ட யாரு இவ்வளவு தூக்கி வச்சது?"

"பின்னால ஏறு தம்பி" என்றேன். "மாமி, பெல்ட் போட்டாச்சா?"

முதல் மணி அடிக்குமுன் கோயிலில் இருந்தோம்.