குடத்தோடு ஓடி வந்த அக்காவுக்கு

அக்கா,

சுவருக்கு அந்தப் பக்கம் சுனிதா கடுகெண்ணெயில் மீன் பொரிக்கிறாள். நீங்கள் இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டே, "எனக்கு ரெண்டு துண்டு வெய்யி கண்ணு" என்று குரல் கொடுத்திருப்பீர்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அக்கா. காலையில் ஏற்காடு டவுனிலிருந்து லாட்ஜ்காரர் ஒருவர் நம் நாகலூருக்கு வந்தார். எஸ்டேட் லைனில் குடியிருக்கும் வடக்கத்திக் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லி ஒரு மனு; தண்ணீர்க் குடத்தோடு வந்த என்னை நிறுத்திக் கையெழுத்து கேட்டார். "உங்க நல்லதுக்குத்தானுங்க. அவனுங்கள நம்ப முடியாதுங்க" என்றார்.

"ஏனுங்க, அவங்கள்ல ஒருத்தர் பேராச்சும் தெரியுமுங்களா?"

"பேரு எதுக்குங்க?"

பேர் எதற்காம்! அவர்களோடு ஒரு நாளாவது குழாயடியில் நின்றிருப்பாரா இந்த மனுஷன்?

நான் மட்டும் என்ன யோக்கியம்? ஜார்க்கண்டிலிருந்து அவர்கள் வந்திறங்கிய அன்று கதவைச் சாத்தித் தாழ் போட்டவள்தானே. நீங்களும்தான் அந்தக் கடுகெண்ணெய் வாடைக்கு, "என்ன கருமம் புடிச்ச நாத்தம்" என்று முணுமுணுத்தீர்கள். மறுநாள் காலை சுனிதா தன் வாசலில் நின்று உங்களைப் பார்த்து, "தீதீ! தீதீ!" என்று கத்தினாள். தீப்பிடித்துவிட்டது என்று நீங்கள் தண்ணீர்க் குடத்தோடு ஓடி, அவள் அடுப்பில் அப்படியே கவிழ்த்தீர்கள். சோறும் சாம்பலும் ஒரே கூழ். அவர்கள் பேச்சில் தீதி என்றால் அக்கா என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வந்து சொன்னதும் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்களே! அன்று உங்கள் சோற்றுப் பானை அவர்கள் வீட்டுக்குப் போனது.

அதற்காகச் சண்டை ஓயவில்லை. "ஏ சுனிதா, உங்கொடத்த எடுடி!" என்று தினமும் குழாயடியில் கத்தினீர்கள். ஆனால் பேர் சொல்லிக் கத்தினீர்கள். போன ஐப்பசி மழையில் நீங்கள் சுருண்டு விழுந்தபோது, பஸ் வராத அந்தப் பாதையில் உங்களைக் கட்டிலோடு தூக்கி ஓடியவர்கள் அவள் புருஷனும் கொழுந்தன்களும்தான். ஆஸ்பத்திரியில் "தீதி" என்று அவள் அலறியதில் வார்டே எழுந்து வந்தது.

அந்த மனுவைப் பிரித்துப் பார்த்தேன். நம் லைன் தமிழ்க்காரர்களின் பெயர்களெல்லாம் வரிசையாக இருந்தன. நான்காவதாக உங்கள் பேர், அக்கா! பக்கத்தில் யாரோ போட்ட கையெழுத்து.

"இவங்க செத்து ஆறு மாசமாச்சுங்க" என்றேன்.

"சரி, அத அடிச்சிரலாமுங்க" என்றார், வெகு சாதாரணமாக.

இடுப்பில் இருந்த குடத்தை அந்தத் தாளின் மேல் கவிழ்த்தேன். "என்னங்க பண்றீங்க!" என்று துள்ளினார்.

"தீய அணைக்கறேனுங்க."

நாளைக்கு வேறு தாளோடு வருவார். வரட்டும். நான் கவிழ்த்தது உங்கள் குடம்தான், அக்கா. நிறைத்து வாசலிலேயே வைத்திருக்கிறேன்.