வாசல் பலகையில் ஒரு வில்லை

ஜூன் 4

அன்புள்ள கூட்டாளிக்கு,

நலம். நீயும் வீட்டில் தங்கச்சியும் நலமா? பிழைகளைப் பொறுத்துக்கொள். என் அறிக்கைகளையெல்லாம் திருத்தி எழுதியவன் நீதானே!

என் மகளும் நம்மைப் போலவே தீயணைப்பு வேலையில் சேர்ந்துவிட்டாள். அடுத்த மாதம் முதல் புகைக்குள் போகும் அணியில் அவளும் இருப்பாள். சாப்பிடும்போது எனக்கே பாடம் எடுக்கிறாள்.

"ரெண்டு பேராப் போகணும், ரெண்டு பேரா வரணும்பா. உள்ள போறப்ப வாசல் பலகையில மாட்டின நம்ம பேர் வில்லையை வெளிய வந்ததும் நாமளே எடுக்கணும். எடுக்கலேன்னா இன்னும் உள்ளதான் இருக்கோம்னு அர்த்தம்."

"சரிங்க மேடம்" என்று சிரித்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டேன்.

அந்தப் பெயின்ட் கிடங்குத் தீ உனக்கு நினைவிருக்கும். கயிற்றைப் பிடித்தபடி நீ முன்னால், நான் பின்னால். கண் எரிச்சல் தாங்காமல், உன்னிடம் சொல்லாமலே கயிற்றை விட்டுவிட்டுப் பின்ஜன்னல் வழியாகக் குதித்தேன். குழாயடியில் நான் சாவகாசமாக முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, வாசலுக்கு வந்த நீ, என் வில்லை தொங்குவதைப் பார்த்து, என்னைத் தேடித் திரும்பவும் உள்ளே போய்ப் புகையில் விழுந்திருக்கிறாய். விசாரணையில், "டார்ச்சை எடுக்கப் போனேன்" என்றாய். நானும் வாயைத் திறக்கவில்லை. பதினாறு வருஷம் ஆகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மகளிடம் சொல்லட்டுமா? நீ காப்பாற்றிக் கொடுத்த பெயர் இது. உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன்.

உன் தொப்பை

ஜூன் 13

டேய் தொப்பை,

இருமல் சௌக்கியம், என்னை விட்டுப் போகாமல் கூடவே இருக்கிறது, உன்னைப் போல இல்லை. அந்த ஜன்னலில் உன் வயிறு எப்படி நுழைந்தது என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சொல்லு. வழக்கம்போல வேடிக்கைக் கதையாக்காமல் முழுசாகச் சொல்லு.

இந்த உறையில் இருப்பது உன் வில்லை. என்னைத் தூக்கிப் போகும்போது, யார் கண்ணிலும் படாமல் பலகையிலிருந்து பறித்து வைத்துக்கொண்டேன். நீ வந்து கேட்பாய் என்று இருந்தேன். நீ வரவில்லை. என் கணக்கில் நீ இன்னும் உள்ளேதான் இருக்கிறாய்.

எடுத்துக்கொள்.

கூட்டாளி

ஜூன் 20

கூட்டாளி,

சொல்லிவிட்டேன். மகள் வெகுநேரம் வில்லையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. "அவரை ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கலையாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். முன்வாசல் வழியாகத்தான்.

தொப்பை