சகலன் தந்த தொண்ணூறாம் நம்பர் ஒயில்

ஆவணி 3, செவ்வாய்

விடியவே சோளகக் காற்று. கொடியில் கிடந்த என் சாரம் வேலி தாண்டிப் போய்விட்டது. இனி எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று இத்தால் சத்தியம் செய்கிறேன். நம்பவும் வேண்டாம். கொப்பி என்னுடையது.

நேற்று மருமகன் கோபிக்குத் தாலிப் பொன்னுருக்கல். மனைவியின் தம்பி மகன். "மாமா, பொன்னுருக்கலுக்கும் கலியாணத்துக்கும் உங்கடை பழைய ஒஸ்ரின் காரிலைதான் வருவன்" என்று ஒற்றைக்காலில் நின்ற பிள்ளை. உடுவில் சந்தியில் இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குத் தட்டினேன். கியர்பொக்ஸ் கத்திய கத்தலில் பருத்தித்துறை மீன்சந்தைப் பெண்கள் வாய்பொத்தித் தோல்வியை ஒப்புக்கொண்டார்களாம். பலாலியில் இறங்க வந்த விமானம் மேலேயே நின்று யோசித்ததாம். அதன்பிறகு எந்தக் கியரும் விழவில்லை. நடுச்சந்தி, காருக்குள் மாப்பிள்ளை, நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்.

பின்னால் ஹோர்ன். வேறு யார், சகலன் தவராசா. மனைவியின் தங்கையைக் கட்டியவன். வெள்ளை நிறத்தில் இருபது வயது ஜப்பான் கார், தானாக மாறும் ஓட்டோ கியர். கோபியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணை, உதை இழுக்க மாடு அனுப்பட்டோ?"

சந்தியே சிரித்தது. கடலை விற்கிற கிழவரும்.

இதில் கொடுமை என்னவென்றால், போன மாதம் அரை ரின் ஒயில் கொண்டுவந்து தந்தவனும் இவனே. "கியர் எண்டால் தொண்ணூறுதான் அண்ணை, நல்ல தடிப்பு." நம்பி ஊற்றினேன். கத்தல் தொடங்கியது அன்றுதான்.

சபதம்: ஞாயிறு கலியாணத்துக்கு மாப்பிள்ளை என் காரில். சகலன் தன் காரில் வரக்கூடாது. அதுவரை சவரம் இல்லை. (பிறகு யோசித்தேன். கலியாணவீடு. சவரம் உண்டு.)

ஆவணி 4, புதன்

வெயில், தலை வெடிக்கிறது. எந்த ஒயில் சரி என்று விசாரணைக் கமிஷன். சாட்சிகள்:

திருநெல்வேலி உதிரிப்பாகக் கடை: "நூற்றிநாற்பது ஊத்துங்கோ ஐயா, சத்தம் வெளியிலை வராது."

முன்வீட்டு மாஸ்டர்: ஆமணக்கெண்ணெய். மனிதருக்கு எல்லா நோய்க்கும் அதுதான்.

மனைவி: "வித்துப்போட்டு ஒரு ஸ்கூட்டி வாங்குங்கோ."

பின்னேரம் குருநகர், அந்தோனி அண்ணை. வள்ளத்து என்ஜினும் பார்ப்பார், பழைய காரும் பார்ப்பார். விரலில் ஒரு சொட்டு எடுத்து மணந்தார்.

"உது ஆர் ஊத்தச் சொன்னது?"

"சகலன்."

"உமக்கும் அவருக்கும் காணிப் பிரச்சினை ஏதும் இருக்கோ?"

"இதுவரைக்கும் இல்லை."

"மணந்து பாரும். கந்தகம். உள்ளுக்கை பித்தளை வளையம் இருக்கு, அதுதான் கியரை நோகாமல் கோக்கிறது. உந்தக் கந்தகம் அதை அரிக்கும். தொண்ணூறு பின் அச்சுக்கு. இந்தக் காரின்ரை கியர்பொக்சுக்கு என்ஜின் ஒயில்தான், முப்பதாம் நம்பர்."

"கியருக்கு என்ஜின் ஒயிலோ?"

"செய்தவன் அப்பிடித்தான் எழுதி வைச்சிருக்கிறான். நீர் ஆர் மாத்த?"

ஆவணி 5, வியாழன்

சந்தை வரை ஓடிச் சூடாக்கி, அடியில் திருகாணி கழற்றி வடித்தேன். தட்டில் மஞ்சள் மினுக்கம். என் பித்தளை. கொலைகாரன். முப்பது ஊற்றி, கொஞ்சம் ஓடி, அதையும் வடித்து, திரும்பவும் முப்பது. மூன்றாம் கியர் விழுந்தது, பூனை மதிலிலிருந்து இறங்குவதுபோல. அழுதேன். கண்ணில் ஒயில் என்று மனைவிக்குச் சொன்னேன்.

"தங்கச்சியின்ரை மனுசன் தெரியாமல் சொல்லியிருப்பாரப்பா."

தெரியாமலா! கம்சனுக்குப் பாடம் எடுத்தவன் அவன்.

செய்ய வேண்டியவை: டயருக்குக் காற்று. மாலை கட்டக் கயிறு. சகலனுக்குத் தண்டனை. வாழைப்பழம்.

ஆவணி 6, வெள்ளி

பின்னேரம் வாசல் படலையில் சகலன். முகமெல்லாம் வியர்வை.

"அண்ணை, கார் ஒரு மாதிரி. 'டி' கியரிலை போட்டால் யோசிச்சு யோசிச்சுத்தான் வெளிக்கிடுது. ஒயில் ஒழுகியிருக்கு. உங்களுக்குத் தந்த தொண்ணூறிலை மிச்சம் வீட்டை கிடக்கு. அதையே இதுக்கும் விடட்டோ?"

முகத்தைப் பார்த்தேன். கன்றுக்குட்டி. இந்த மனிதனுக்கு ஒன்றுமே தெரியாது. எனக்குத் தந்ததும் நல்ல மனதோடுதான்.

அப்போது ஆற்றினேன் ஒரு பேருரை. தருமர் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார். "தம்பி, ஓட்டோ கியருக்குச் சிவப்பு ஒயில். தண்ணிபோலை மெல்லிசு. எந்த இனம் எண்டு கார்ப் புத்தகத்திலை இருக்கும், அதையே தேடி வாங்கும். தொண்ணூறை விட்டால் கார் அசையாது." காலில் விழப்போனான். தூக்கி அணைத்தேன். வானத்திலிருந்து ஒரு கூடைப் பூ.

ஆவணி 8, ஞாயிறு

நல்ல காற்று. மாப்பிள்ளை என் காரில். ஒரு கியரும் வாய் திறக்கவில்லை. கோபி கோயில் வாசலில் இறங்கி காரின் மூக்கைத் தடவினான்.

சகலன் வாடகை ஓட்டோவில். மனைவி, இரண்டு பெட்டைப் பிள்ளைகள், மடியில் பலகாரத் தட்டம், முழங்காலில் தாடை. கண்டேன். குளிர்ந்தேன்.

பந்தியில் வந்து பக்கத்தில் இருந்தான்.

"நீங்கள் சொன்னபடிதான் செய்தன் அண்ணை. படலையடியிலை நிக்குது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை. நான்தான் எங்கையோ பிழை விட்டிட்டன் போலை."

சொல்லிவிட்டுத் தன் வடையை எடுத்து என் இலையில் வைத்தான். எனக்கு வடை விருப்பம் என்று அவனுக்குத் தெரியும்.

விமானம் பொய். மீன்சந்தை பொய். வெள்ளிக்கிழமைப் பேருரை, அணைத்தது, பூக்கூடை, முழுப்பொய். மிச்சத் தொண்ணூறையே காருக்கு விடட்டோ என்று கேட்டான். ஓம், விடும் என்றேன். அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை.