கடைசி ஏழு வாரத்துத் தாள்கள்

சேசு மரி சூசை துணை

விழுப்புரம்,
14-8-1962

அன்பு மகள் அமல்ராணிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாதாவின் தயவால் எனக்கு மூட்டுவலி, உன் அப்பாவுக்குச் சளி என்று அவரவர் பங்குக்கு உள்ளதைத் தவிர இங்கே வேறு குறையில்லை. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் சுகமாயிருக்க நாளைக்கு மாதா திருநாள் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். பெருமுக்கல்லிலிருந்து தொம்மை மாமா ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டுவந்து இறக்கியிருக்கிறார், கடலையை உரித்து வறுத்து அனுப்புகிறேன், சம்பந்தியம்மாவுக்குப் பல் இருக்கிறவரைக்கும் சாப்பிடட்டும். உனக்கு வந்திருக்கிற பள்ளிக்கூட வேலை உத்தரவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், முப்பத்தொன்றாம் தேதிக்குள் நீ போய்ச் சேர வேண்டும் என்பது நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் உன் அப்பாவின் காரியம் ஒன்று. நீ கல்யாணமாகிப் போகும்போது பெட்டியில் வைத்துக்கொண்டு போனாயே, பத்திரிகையில் தமிழில் வந்த அந்த வங்காளத் தொடர்கதையின் கடைசி ஏழு வாரத்துத் தாள்கள், அவற்றை உடனே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்ப வேண்டுமாம். ஏன் எதற்கென்று எழுத வேண்டாம் என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. அவர் ரயில்வே ஸ்டேஷனுக்கு டூட்டிக்குப் போயிருக்கிறார், வரச் சாயங்காலமாகும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். வாராவாரம் படித்துவிட்டு அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று அடித்துக்கொள்ள என்னால் ஆகாது. தாளைக் கிழித்து அரிசி டிரம்முக்கு அடியில் அடுக்கி, முற்றும் போட்ட பிறகு பைண்டுக்காரன் தேவநாதனிடம் கொடுத்து பைண்டு பண்ணி ஒரே மூச்சில் படிப்பேன். இந்தக் கதை முடிந்தது உன் கல்யாண அமளியில். நீ ரயிலில் படிக்க என்று கடைசித் தாள்களை உருவிக்கொண்டாய். பைண்டுக்காரன் மிச்சத்தைக் காலிகோ போட்டு, முதுகில் தங்க எழுத்தில் பேர் போட்டு, அவ்வளவு அழகாகக் கட்டிக் கொடுத்துவிட்டான், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உள்ளே, புருஷனைப் பறிகொடுத்து மாமியார் வீட்டில் கிடக்கிற அந்தப் பெண் சுநயனா, யாரிடமிருந்து வந்ததென்று தெரியாத ஒரு கடிதத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு படித்துறையில் நிற்கிறாள். ஒன்றேகால் வருஷமாக அங்கேயே நிற்கிறாள்.

உன் அப்பா அந்த வால்யூமைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயிலில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் போய் வருவார். பத்தாம் பக்கத்தில் தூங்கிவிடுவார் என்பது நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. திண்டிவனத்தில் துணிக்கடை சுப்பராயலு வாசகர் வட்டம் என்று ஒன்று நடத்துகிறார், மாதம் ஒரு பாஷை, ஆளுக்கு ஐந்து நிமிஷம் தான் படித்த கதையைப் பற்றி எண்ணத்தைச் சொல்ல வேண்டும். பிளாட்பாரத்தில் அந்தத் தங்க எழுத்தைப் பார்த்து அசந்துபோய், ஆகஸ்டு மாதம் வங்காளம், நீங்கதான் தலைமைப் பேச்சு என்று சொல்லிவிட்டார். இவரும் தலையாட்டிவிட்டு வந்தார். பிறகு பத்து நாள் நான் வாசிக்க இவர் கேட்டார், படித்துறை வரைக்கும். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏம்மே, அந்தப் பொண்ணு ஆத்துல வுழுந்துட்டாளா இல்லியா, ஜல்தியா சொல்லு என்றார். தாள் பிலாயில் இருக்கிறது, எனக்கே தெரியாது என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. அங்க போயி தெரியாதுன்னு நின்னா பேஜாராப் பூடும், நீயே ஒண்ணு சொல்லிடு என்றார்.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன். வங்காளத்தில் ஆறு ரொம்பப் போலிருக்கிறது, நான் பைண்டு பண்ணிய மூன்று கதைகளில் இரண்டு பெண்களை ஆற்றிலேயே இறக்கிவிட்டார்கள். நம் பெண்ணையாற்றில் முழங்கால் தண்ணீர் வருவதே ஐப்பசி கார்த்திகையில்தான், அதனால் நம் பக்கத்துப் பெண்கள் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே நான் இவளை இறக்கவில்லை. கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறாள், மடித்து இடுப்பில் செருகுகிறாள், படகில் ஏறுகிறாள். மாமியார் படியில் நின்று கூப்பிடுகிறாள். இவள் திரும்பிப் பார்க்காமல் அக்கரையில் இறங்கிவிடுகிறாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன், கடைசி பெஞ்சில் பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்தோம். உன் அப்பா நன்றாகத்தான் பேசினார், படகு அசைகிற இடத்தில் கையைக்கூட அசைத்துக் காட்டினார். கைதட்டு அடங்க நேரமாயிற்று. பிறகுதான் வேடிக்கை. ஒவ்வொருவராக எழுந்து, ஆமாம், அந்த முடிவைப் படித்துவிட்டு மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்கிறார்கள். லைப்ரரி பீரோச் சாவியை வைத்திருக்கும் அப்பாதுரை, தமிழில் அந்தப் படகு சரியாக வரவில்லை, வங்காளத்தில் இன்னும் உருக்கமாக இருக்கும் என்றார். காலையில் வெண்டைக்காயோடு பிறந்த படகு! சுப்பராயலு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு பேரில் ஒருத்தர்கூட அந்தக் கதையை முழுக்கப் படிக்கவில்லை என்பது எனக்கும் உன் அப்பாவுக்கும்தான் தெரியும்.

அப்போது என் பக்கத்தில் இருந்த கிருஷ்ணவேணி டீச்சர் எழுந்து, ஐயா, அக்கரைக்குப் போயி அவங்க என்னா வேலை பண்ணி பொழைச்சாங்க, அத்த சொல்லவே இல்லியே என்று கேட்டாள். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் அப்பா பின்பெஞ்சைப் பார்த்து முழித்தார். பொறுக்கவில்லை எனக்கு. வாத்தியாரம்மா வேலை என்று உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டேன். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சுப்பராயலு பூரித்துப்போய், பாத்தீங்களா, ஐயா வூட்டம்மாவுக்கும் கதைய சொல்லி வச்சிக்கினு இருக்காரு என்றார். அதற்கும் கைதட்டினார்கள். மாலை அவருக்கு, எனக்கு ஒரு எலுமிச்சம்பழம்.

கூட்டம் முடியும்போது அப்பாதுரை, இந்தக் கதையின் அச்சுப் புத்தகத்துக்கு மெட்ராசுக்கு எழுதியிருக்கிறேன், அடுத்த மாதம் வந்துவிடும் என்றார். அன்றிலிருந்து உன் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இது நிஜமாகவே. புத்தகம் வருவதற்குள் உண்மையான முடிவைத் தெரிந்துகொண்டு ஏதாவது சமாளிக்க வேண்டுமாம்.

ரயிலில் வரும்போது நான் சிரித்துக்கொண்டேதான் வந்தேன். வீட்டுக்கு வந்து சேலையை மடிக்கும்போது அழுகை வந்துவிட்டது ராணி. வாத்தியாரம்மா வேலை என்று என் வாயில் ஏன் வந்தது என்று அப்போதுதான் விளங்கிற்று. உனக்கு நான் சொன்னதில்லை. எனக்குப் பதினெட்டு வயதில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்துத் திண்டிவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உன் தாத்தா படித்துப் பார்த்துவிட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். திட்டவில்லை. நானும் கேட்கவில்லை. உன் அப்பா நல்லவர், எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, ஆனாலும் பிறந்த வீட்டுக்குப் போனால் அந்தப் பெட்டி இருக்கிற அறைக்குள் இன்றைக்கும் போக மாட்டேன்.

நீ போன கடிதத்தில், வேலைக்கு மாமியார் வேண்டாம் என்கிறார், வீட்டுக்காரரோ அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார், நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். பெரியவர்கள் சொல்படி நட என்று நான் பதில் எழுதினேன். அதை எழுதியது நானில்லை, உன் தாத்தா. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. முதலில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வா, பிறகு சம்பந்தியம்மாவிடம் பதமாகச் சொல். இரண்டு நாள் பேசமாட்டார். மல்லாட்டை வந்ததும் பேசுவார். மாப்பிள்ளைக்கு நான் தனியாக எழுதுகிறேன், அவர் படித்த பிள்ளை, சங்கடப்படுவாரே தவிரக் குறுக்கே நிற்க மாட்டார்.

தாள்களை அனுப்பாதே. செல் அரித்துவிட்டது என்று அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டுவிடு. அச்சுப் புத்தகம் வந்தால் வரட்டும், பன்னிரண்டு பேர் அழுது ஒப்புக்கொண்ட முடிவை அது ஒன்று வந்து மாற்றிவிடுமா? வந்தாலும் யார் படிக்கப்போகிறார்கள், பீரோவில்தான் இருக்கும்.

பனிக்கு முன்னால் ஒரு கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. சர்வேசுரன் உங்கள் எல்லாரையும் காப்பாற்றட்டும். நீ அந்தத் தாள்களைப் படித்து முடித்திருப்பாய். சுநயனா என்ன ஆனாள் என்று எனக்கு எழுதாதே. முப்பத்தொன்றாம் தேதி நீ என்ன ஆனாய் என்று எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
ஞா. அமலோற்பவமேரி