இன்வர்டு நம்பர் 412

மார்ச் பதினொன்று, காலை பதினொன்றேகால். உன் புகார் விஷயத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இதுவரை ஒன்பது பேராவது இருக்கும்.

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அம்மாவும் நானும் நலம். நீயும் நலம் என்று எழுதிவிடாதே, நம்பமாட்டேன். அண்ணன் போன பிறகு அப்பா ஸ்தானத்தில் நிற்கிறேன், ஆனால் உன்னைவிட ஆறே வயது மூத்த கம்ப்யூட்டர் மெக்கானிக்தான்; புத்தி சொல்லிக் காரியத்தைக் கெடுத்தேன். உன் பிரிவு அதிகாரி மேல் எழுதிய புகாரை, நான் வேலை பார்க்கும் இந்தத் தலைமை அலுவலகத்தில், பெண்களின் புகார்களை விசாரிக்கும் குழுவின் தலைவி கையிலேயே கொடுக்கிறேன் என்றாய். நான்தான் தபால் பிரிவுக்கு அனுப்பு, தபால் வந்து சேர்ந்ததற்கான இன்வர்டு நம்பர் விழுந்தால்தான் ஆதாரம் என்றேன். அங்கே எந்த உறை வந்தாலும் கிழித்து, முத்திரை குத்தி, விஷயத்தை ரிஜிஸ்டரில் எழுதுவார்கள் என்று யோசிக்கவில்லை. இன்று பிரிண்டர் பார்க்கப் போனபோது கண்டேன்: 412, உன் பெயர், 'அதிகாரி கையைப் பிடித்து இழுத்தது தொடர்பாக'. உறையில் நீ சிவப்பில் 'ரகசியம்' என்று எழுதிய இடத்தின் மேலேயே முத்திரை. தபால் வாங்குகிறவர்கள் எல்லாரும் அந்த ரிஜிஸ்டர் பக்கத்தில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள், ஒன்பது இருந்தது. வழக்கம்போலக் கிழிச்சுட்டேன் தம்பி, அப்புறம்தான் படிச்சேன், அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன் என்றார் தபால் பிரிவு அக்கா. அவரையும் முழுதாக நம்பவில்லை.

இருக்கைக்குத் திரும்பினால் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் கையில் இரண்டு டீயோடு நிற்கிறார். நாலு வருஷமாக என் முகத்தைப் பார்க்காத மனுஷன். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிப்பா அது, விசாரணை கிசாரணைன்னு எதுக்கு அலையணும், வீட்டுப் பக்கமே மாத்தல் போட்டுடலாம், விருப்பப்பட்டுக் கேக்கறேன்னு ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லு என்கிறார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம், இவர் குடையே கொண்டு வந்திருக்கிறார். நீ விரும்பிப் போனதாக ஆகிவிட்டால் புகாரைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள், அந்த ஆள் அதே நாற்காலியில் இருப்பான், உன் மேசைக்கு வேறொரு பெண் வருவாள். குழுத் தலைவி நல்லவராம். சொன்னது யார் என்று பார்த்தால், அந்த ஒன்பதில் இருவர்.

யார் எவ்வளவு இனிப்பாகப் பேசினாலும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. வேளைக்குச் சாப்பிடு. தலை நிமிர்ந்தே இரு, என் ஆசி முழுக்க உனக்குத்தான். இனி நான் செய்யப்போவது:

1. அந்தப் பக்கத்தை மூடி முத்திரையிட வேண்டும், ரகசியம் எப்படி வெளியானது என்று விசாரிக்க வேண்டும் என்று என் பெயரில் மனு எழுதிவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை.
2. விசாரணைக்கு நீ வரும் நாளில் லீவு போட்டு வாசலில் உட்காருவேன். வாயைத் திறக்கமாட்டேன்.
3. இரண்டுமே நீ சரி என்று சொன்னால்தான். அதுவரை, எனக்குப் பழக்கமில்லாத வேலைதான், காத்திருப்பேன்.

உன் சித்தப்பா