பிர்ச் மரமும் பிப்ரவரிப் பனியும்

மார்ச் 22, 2003, சனி

நியூயார்க் பக்கத்து எடிசன் நகரத்து மர உலகுக்கு இன்று பொன்னாள். அடுத்த வீட்டு ஷ்யாமளா மாமியின் பிர்ச் மரத்துக்கு என் கையால் முடி திருத்தினேன். மாமி ஜனவரியிலிருந்து லிவர்மோரில், மகன் பத்ரி வீட்டில் இருக்கிறார். கிளம்பும்போது, "மரத்தை ஒரு கண்ணு பாத்துக்கோங்கோ பாய்" என்றார். கண் என்ன, ரம்பத்தோடே பார்த்துவிட்டேன்.

முருங்கையை மொட்டையடித்தால் நாலே மாதத்தில் வீட்டை மூடுகிற அளவுக்குத் தழைக்கும். இந்த வெள்ளைத்தோல் மரம் அதைவிட உசத்தியா? உச்சியை எடுத்தேன். கூடவே ஏழு பெரிய கிளைகள். ஒவ்வொன்றும் விழுந்தபோது பூமி அதிர்ந்து, பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் மணி தானாக அடித்திருக்கும்.

என் மனைவி தாஜ் சமையலறை ஜன்னலிலிருந்து, "மாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். இன்ப அதிர்ச்சியை அனுமதி வாங்கிக்கொண்டா கொடுப்பார்கள்?

மார்ச் 23

வெட்டியதில் கை பருமனுள்ள கிளையை எங்கள் பின்பக்கத்தில் நட்டேன். முருங்கைப் போத்து நடும் அதே முறை. உச்சியில் சாணி உருண்டை வைக்க வேண்டும் அல்லவா? முப்பது மைல் கார் ஓட்டி ஒரு பால் பண்ணையில் வாங்கினேன். எதற்கு என்று பண்ணைக்காரர் கேட்டார். மரத்துக்குத் தொப்பி என்றேன்.

திரும்பி வரும்போது குளிரில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். காருக்குள் இனி மூன்று மாதம் ஏற மாட்டேன் என்கிறாள் தாஜ்.

மார்ச் 28

மாமியின் மரம் ஒழுகுகிறது. வெட்டிய இடத்திலெல்லாம் நீர். நயாகரா! (சரி, அரை வாளி.)

ஏப்ரல் 5

இன்னும் சொட்டுகிறது. நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தேன். பிர்ச்சை வசந்தத்தில் வெட்டக்கூடாது. உச்சியை எந்தக் காலத்திலும் வெட்டக்கூடாது. முற்றிய கிளையை நட்டால் வேர் பிடிக்காது. மூன்று வாக்கியமும் என் முகத்தைப் பார்த்து எழுதியது மாதிரி இருக்கிறது. புத்தகத்தைத் தாஜ் கண்ணில் காட்டவில்லை.

மே 17

மாமி வந்துவிட்டார்.

பெட்டியைக்கூட இறக்காமல் மரத்தடியில் போய் நின்றார். "என்ன ஆச்சு பாய்?"

பிப்ரவரியில் இங்கே நிஜமாகவே பெரும் பனி. அது நாக்கில் தயாராக நின்றது. சொன்னேன். சும்மா சொன்னேனா? கிளைகள் பீரங்கி மாதிரி வெடித்தன என்றேன். எதிர்வீட்டு நாய் மூன்று நாள் குரைக்க மறந்தது என்றேன். முறிந்ததை நான்தான் உயிரைப் பணயம் வைத்து ரம்பத்தால் சீர் செய்தேன் என்றேன்.

மாமி சிரிக்கவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து, "அவர் இருந்தப்போ வச்சது பாய்" என்றார். பிறகு, "நீங்களாவது பாத்துண்டேளே" என்றார்.

தாஜ் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

மே 18

நான் ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூன் 15

மரம் போனால் அதன் பிள்ளையாவது வேண்டும். தப்பியிருந்த கீழ்க்கிளைகளில் பன்னிரண்டு இளந்தளிர்க் குச்சிகள் எடுத்து, வேர் மருந்தில் முக்கி, ஈர மணலில் நட்டு, பிளாஸ்டிக் உறை போட்டேன். ஆயுதத் தொழிற்சாலை தோற்கும் ஏற்பாடு. முன்பு நட்ட போத்து சாணித் தொப்பியோடு செத்துக் காய்ந்துவிட்டது. பிடுங்கி எறிந்தேன்.

ஜூலை 9

பன்னிரண்டும் அழுகிவிட்டன.

ஜூலை 26

மாமி மரக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார். பட்டைக்குள் வண்டு புகுந்திருக்கிறதாம், மேல் பாதி காய்ந்தாயிற்று, அடுத்த வசந்தத்தில் இறக்கிவிட வேண்டுமாம். மாமி செக் எழுத உள்ளே போனதும் மரக்காரர் என் பக்கம் திரும்பி, யார் இதை இப்படி வெட்டியது என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

செப்டம்பர் 20

மீதிக் கிளைகளில் விரல் நீளத்துக்குச் சடைசடையாகக் காய்கள். தேய்த்தால் உதிர்கின்றன. விதை என்று சொன்னால்தான் விதை, இல்லையென்றால் தூசி. ஒரு கோடி சேகரித்தேன். மாமி ஜன்னலிலிருந்து பார்த்து, "என்ன பாய் பண்றேள்?" என்றார். "ஆராய்ச்சி" என்றேன்.

நவம்பர் 8

விதைகள் ஈர மணலோடு ஒரு டப்பாவில், ஃப்ரிட்ஜில் இரண்டு மாதம் குளிர்காலம் அனுபவிக்க வேண்டும் என்கிறது புத்தகம். ரமலான் மாதம். ஃப்ரிட்ஜில் ஊசி குத்த இடமில்லை.

"இப்தாருக்கு நாப்பது பேர் வர்றாங்க. சமோசா வைக்கவா, மண்ணு வைக்கவா?"

"இது மாமியோட மரம் தாஜ்."

இருபது சமோசாவை எடுத்து அப்போதே பொரித்துவிட்டாள். டப்பாவுக்கு இடம் கிடைத்தது.

ஜனவரி 11, 2004

விதைத்தேன். அவரைக்குப் போடுகிற மாதிரி ஒரு விரல்கடை மண் போட்டு மூடினேன்.

பிப்ரவரி 8

ஒன்றும் இல்லை. புத்தகத்தை மறுபடி படித்தேன். மூடக்கூடாதாம். வெளிச்சம் பட்டால்தான் முளைக்குமாம். நாலு மாதமாக அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படம் மட்டும் பார்த்திருக்கிறேன். மீதி விதையை மண்ணின் மேலேயே தூவினேன்.

பிப்ரவரி 29

முளைத்துவிட்டது! முப்பத்தொன்று! குண்டூசித் தலையளவு பச்சை. இந்தக் கண்டத்தில் இப்படி ஒரு காட்சியை எவனும்... தாஜைக் கூப்பிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "எல்லாம் எண்ணிட்டீங்களா?" என்றாள். மூன்று தடவை எண்ணியாயிற்று என்றேன்.

மார்ச் 13

பூஞ்சை. அடித்தண்டு கறுத்துப் படுத்துவிட்டன. பதினொன்று மீதி.

மார்ச் 16

நாலு.

மார்ச் 25

ஒன்று. நியூயார்க் ரயிலில் போகும்போதும் அதே நினைப்பு. மதியம் ஆபீஸிலிருந்து போன் பண்ணினேன். தாஜ் எடுத்தவுடன், "நிக்குது. வைங்க போனை" என்றாள்.

ஏப்ரல் 4

மரத்தை 17ஆம் தேதி வெட்டப்போகிறார்கள். அதற்குள் பிள்ளையை மாமி கையில் கொடுத்துவிட வேண்டும். நாலு இலை. கிளம்பினேன். வாசலில் தாஜ் வழிமறித்தாள்.

"பொய்யையும் சேத்துத்தான் குடுக்கப் போறீங்களா?"

அரை மணி நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தேன், மடியில் தொட்டியோடு.

பிறகு போனேன். சொன்னேன். பீரங்கி இல்லை, நாய் இல்லை. "பனி இல்ல மாமி. நான்தான் வெட்டினேன். முருங்கை மாதிரி துளிர்க்கும்னு நெனச்சேன்." இவ்வளவுதான்.

மாமி தொட்டியை வாங்கவில்லை. "ஒரு வருஷமா இதுக்கு நான் உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லிண்டிருக்கேன் பாய்" என்றார். குரல் உயரவில்லை. "எடுத்துண்டு போங்கோ." கதவு சாத்திக்கொண்டது.

ஏப்ரல் 17

வெட்டிவிட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றேகால் வரை. மாமி வெளியே வரவில்லை. நான் உள்ளே போகவில்லை.

மே 30

வெள்ளிக்கிழமைகளில் தாஜும் மாமியும் ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காய்கறி வாங்கச் சேர்ந்து போவார்கள். எட்டு வாரமாகத் தாஜ் தனியாகப் போகிறாள். என்னால் இவளுக்கும் ஆள் போச்சு.

ஜூலை 2

சாயந்திரம் வந்தால் தொட்டி வைத்த இடத்தில் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது — மிகையில்லை. தேடினால் கராஜ் ஓரம் நிழலில் இருக்கிறது, தண்ணீர் ஊற்றிய ஈரத்தோடு.

"மாமி வந்தாங்க" என்றாள் தாஜ். "என் முகத்தைப் பாக்கல. தொட்டியை நகத்தி வச்சாங்க. 'மத்தியான வெயில்ல வச்சு இதையும் கொல்லப் போறாரா?'ன்னாங்க. போய்ட்டாங்க."

"அவ்வளவுதானா?"

"அதான் பேசினாங்களே, இன்னும் என்ன வேணும்?"

ஜூலை 3

தொட்டியைத் தொடவில்லை. இனி அது நிற்குமிடம் மாமி வைத்த இடம்.

அக்டோபர் 9

மாமி வந்து வாசலில் நின்றார். "நாளைக்கு நடணும். குளிர் வரதுக்குள்ள வேர் பிடிக்கணும். நீங்க குழி மட்டும் தோண்டுங்கோ. ரெண்டடி அகலம். மூணு இல்லை, ஒண்ணரை இல்லை."

"சரி மாமி."

"வேற ஒண்ணும் பண்ணப்படாது."

"சரி மாமி."

அக்டோபர் 10

தோண்டினேன். டேப் வைத்து அளந்தேன். மாமி தன் கையால் நட்டார். பழைய அடிமரத்திலிருந்து எட்டடி தள்ளி.

மே 28, 2005

லிவர்மோரிலிருந்து பத்ரி வந்திருக்கிறான். மாமி வீட்டு முற்றத்தில் காபி. தாஜும் மாமியும் அடுத்த வெள்ளி எந்தக் கடையில் கத்திரிக்காய் நன்றாக இருக்கும் என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். பத்ரி செடியைக் குனிந்து பார்த்தான்.

"Uncle, அப்பாவோட மரம் அந்த பெரிய ஸ்னோல உடைஞ்சதுன்னு அம்மா சொன்னா. அவ்ளோ ஸ்னோவா?"

மாமி காபியை ஆற்றினார். என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாண்டா, அந்த வருஷம் ரொம்ப" என்றார்.

விட்டிருக்கலாம். முடியவில்லை.

"இல்லப்பா. நான்தான் ரம்பத்தால வெட்டினேன்."

பத்ரி வாய்விட்டுச் சிரித்தான். "Uncle, you and your stories! போன தடவை மான் ஒண்ணு உங்க கார் கதவைத் திறந்துதுன்னு சொன்னேளே!"

"சத்தியமா வெட்டினேன்ப்பா."

"Okay, okay, நீங்கதான் வெட்டினேள்!"

அப்போதுதான் மாமி சிரித்தார். காபி புடவையில் கொட்டுகிற அளவுக்கு. தாஜ் துணி எடுக்க உள்ளே ஓடினாள்.

செடி பதினாறு அங்குலம்.